இருதயமேரியின் அடுப்பும் கார்த்திகேசுவின் சுவரும்

ஈப்போவை அடுத்த லகாட் ஊரைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போனால் கிளென்மோர் தோட்டத்து மேட்டு லயம் வரும். தோட்டம் என்று பெயர்தான். ரப்பர் எடுத்த பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட கம்பெனி, ஆட்களைக் கணக்கு முடித்து அனுப்பியதே தவிர வீடுகளை இடிக்கவில்லை. ஆறு வீடுகள், ஒரே தகரக் கூரை. வெளிச்சுவர் இடுப்பு உயரம் வரை செங்கல், அதற்கு மேல் பலகை; வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைதான். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். நான்காவது வீட்டில் இருப்பவள் இருதயமேரி.

அவள் பத்தொன்பது வருஷம் லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டிங் வேலை செய்தவள். முதல் நாள் போனபோது மேற்பார்வையாளர் அவளைப் பெயிண்ட் அடிக்கிற பக்கம் அனுப்பினார். மறுநாள் அவள் சொந்தமாக வாங்கிய முகக்கவசத்தோடு வெல்டிங் கொட்டகையில் போய் நின்றாள். மூன்றாம் நாளும் நின்றாள். நான்காம் நாள் இரண்டு தகடுகளைக் கொடுத்து, “சேர்த்துக் காட்டு” என்றார்கள். காட்டினாள். அப்படிப்பட்டவள்.

நாற்பத்தொன்பதாவது வயதில் ஒப்பந்தம் முடிந்து, இனி வேலை இல்லை என்றார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா இருந்துபோன லயத்து வீடு பூட்டிக் கிடந்தது. அங்கேயே வந்து சேர்ந்தாள். தம்பி லயனலுக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கு ஈப்போவில் அடுக்குமாடி வீடு, இன்சூரன்ஸ் வேலை.

“அக்கா, பிடிவாதம் பிடிக்காத லா. என் வீட்டுல மூணு ரூம் இருக்கு. வந்து நிம்மதியா இரு. ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு, செஞ்சு தாரேன்.”

“எனக்கு ரூம் வேணாம்டா. அடுப்பு வேணும்.”

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் விளையாடவில்லை. லூமுட்டில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. விடுமுறை நாளெல்லாம் அங்கே இறங்கி மாவு பிசைவாள். விறகில் வெந்த ரொட்டியின் மேல்தோல் வேறு மாதிரி என்பது அவளுக்கு நாக்கில் ஏறிப்போன விஷயம். அந்த ரொட்டியைச் சுட்டுத்தான் இனிப் பிழைப்பு என்று தீர்மானித்துவிட்டாள்.

அடுப்பை அவளே செய்தாள். ஆறு மில்லிமீட்டர் கனத்தில் இரும்புத் தகடு. கீழே கட்டை எரியும் அறை, மேலே ரொட்டி வேகும் அறை, பின்பக்கம் புகைக்குழாய். வீட்டு வாசலில் பத்து நாள் பொறி பறந்தது. ஆறு பேர் தூக்கி அதைச் சமையல் நடக்கும் குசினிக்குள் வைத்தார்கள். குசினி ஏழடி அகலம்தான். கார்த்திகேசு வீட்டோடு சேர்ந்த பலகைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுப்பு உட்கார்ந்தது. பலகை சுடக் கூடாது என்று அடுப்புக்குப் பின்னால் தகரத்தை வைத்து, பலகையோடு ஒட்டி ஆணி அடித்தாள். இரும்பைத் தாண்டி நெருப்பு எங்கே போகப்போகிறது என்பது அவள் எண்ணம்.

கார்த்திகேசுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. லாரி ஓட்டியவர், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பாதுகாவலர். அடுப்பு உள்ளே போன அன்றைக்கே வேலி ஓரம் வந்து நின்றார்.

“மேரி, அது வேணாம்மா. கேஸ் அடுப்பு வெச்சுக்க. இந்தச் சுவரு பூரா பலகை. பாயா லா.”

பாயா என்றால் ஆபத்து. அவர் ஆபத்து என்று சொன்னால் அதற்குக் காரணம் உண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன்பு இதே தோட்டத்தின் பள்ளத்து லயம் எரிந்தபோது அவர் வீடும் போனது. ஐந்து வீடுகள் அரை மணி நேரத்தில் சாம்பல். உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் மகள் தினேஸ்வரியின் பிறப்புப் பத்திரம் உட்பட எல்லாக் காகிதங்களும் எரிந்துபோயின. ஒவ்வொன்றையும் திரும்ப வாங்க அவர் இரண்டு வருஷம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அந்தப் பெண் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தாள்.

இதெல்லாம் இருதயமேரிக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள்: “அண்ணே, நெருப்போட பத்தொம்பது வருசம் இருந்தவ நான். எனக்கா சொல்றீங்க?”

ரொட்டி நன்றாகவே போனது. லகாட்டில் இரண்டு தேநீர்க் கடைகள் தினமும் எடுத்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் தேங்காய்ப் பன் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மரப்பட்டறையில் கழித்துப்போடும் பால்மரத் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து எரித்தாள். காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை, வாரத்தில் ஆறு நாள், அடுப்பு எரிந்தது.

மூன்றாம் மாதத்தில் கார்த்திகேசு மறுபடி வந்தார்.

“என் பக்கம் சுவரு சுடுதும்மா. கைய வெச்சா வெக்க முடியல.”

“பின்பக்கச் சுவரு வெயில்ல சுடல? அது மாதிரிதான்.”

“இது வெயில் சூடு இல்ல. வாடை வருது.”

“ரொட்டி வாடைண்ணே.”

அவர் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து இருதயமேரியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து லயத்துக் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் தனேஸ்வரன் ஒரு கடிதத்தோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை மாரியம்மன் கோயில் கொட்டகையில் கூட்டம். பேச வேண்டிய பொருள் ஒன்றுதான்.

கூட்டத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். தனேஸ்வரன் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்தார். பொதுப் பாதுகாப்பை முன்னிட்டு, நான்காம் எண் வீட்டில் உள்ள விறகடுப்பை இரண்டு வாரத்துக்குள் அகற்ற வேண்டும். கை தூக்கச் சொன்னார். பதினாறு கைகள் எழுந்தன. இருதயமேரியைத் தவிர, கடைசி வீட்டுப் புஷ்பலதா மட்டும் தூக்கவில்லை. அவள் தினமும் ரொட்டி வாங்குகிறவள்.

இருதயமேரி எழுந்தாள். “எடுக்க மாட்டேன்.”

“சங்கம் முடிவு பண்ணிருச்சு,” என்றார் தனேஸ்வரன்.

“சங்கமா கட்டை எடுத்துக் குடுக்குது? சங்கமா சோறு போடுது? என் வீட்டு அடுப்ப நான் எடுக்க மாட்டேன். என்னா செய்வீங்களோ செய்யுங்க.”

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத கார்த்திகேசு உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “நீ ஒண்ணும் எடுக்க வேணாம். அந்தத் தகரத்த மட்டும் கழட்டிக் காட்டு. எல்லாரும் பாக்கட்டும்.”

“பாக்கலாம். இப்பவே வாங்க.”

அவள் முன்னால் நடந்தாள். பின்னால் கூட்டம் நடந்தது. குசினிக்குள் நான்கு பேர் நுழைய, மற்றவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்து ஒரு பக்கத்து ஆணிகளைப் பிடுங்கினாள். தகரத்தை மடக்கி இழுத்தாள்.

பலகை பலகையாக இல்லை. நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குக் கறுத்து, முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது. அதைச் சுற்றி வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அவள் விரலால் தொட்டாள். கரி விரலோடு வந்தது. கொஞ்சம் அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

ஜன்னலில் நின்ற ஒருத்தி, “ஆத்தாடி,” என்று மெதுவாகச் சொன்னாள்.

இருதயமேரிக்கு முகம் எரிந்தது. கப்பலில் ஓர் இரும்புச் சுவரில் வெல்டிங் வைக்கும்போது, சுவரின் மறுபக்கத்தில் ஓர் ஆள் வாளியில் தண்ணீரோடு நிற்க வேண்டும். இந்தப் பக்கத்துச் சூடு இரும்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும் என்பதால்தான் அந்தக் காவல். ஆள் நிற்கிறானா என்று பார்க்காமல் அவள் ஒருநாள்கூடப் பொறி கிளப்பியதில்லை. புதிதாக வந்தவர்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். இங்கே மறுபக்கத்தில் ஒரு மனுஷன் மூன்று மாதமாக நின்று கத்தியிருக்கிறார், அவள் ரொட்டி வாடை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“அண்ணே, நீங்க சொன்னது சரி. தப்பு என் மேலதான்,” என்றாள்.

கார்த்திகேசு தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். ஜெயித்த முகம் அவரிடம் இல்லை.

அன்றைக்கு அடுப்புக் கதவைச் சாத்தியவள் திறக்கவில்லை. தேநீர்க் கடைகளுக்கு ரொட்டி நின்றுபோனது. லயனல் விஷயம் கேள்விப்பட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தான். “போதும்கா. பெட்டிய கட்டு. நீ செஞ்சதே பெருசு,” என்றான். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

“நான் தப்பா செஞ்சுட்டேன்டா. அதுக்காக விட்டுருவேனா? தப்பா செஞ்சத சரியா செய்யணும்.”

“மறுபடியுமா?”

“நீ ஈப்போ போற வழியில என்னைய போம்பாவுல எறக்கி விடு.”

தீயணைப்பு நிலையத்தைத்தான் அங்கே எல்லோரும் போம்பா என்பார்கள். வாசலில் இருந்தவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். வழக்கமாக மக்கள் தீப்பிடித்த பிறகுதான் அவர்களைத் தேடுவார்கள். ஒரு மலாய் அதிகாரி அவள் கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்திருப்போம்,” என்றார் மலாயில். பலகை ஒரே நாளில் பற்றாது என்று விளக்கினார். தினமும் சூடு பட்டுப்பட்டு உள்ளே கரியாகும். கரியான பலகைக்குப் பெரிய நெருப்பு தேவையில்லை, சின்னச் சூடே போதும். தகரத்தைப் பலகையோடு ஒட்டி அடித்தது எந்தக் காப்பும் ஆகாது. தகரம் வாங்கிய சூட்டை அப்படியே பலகைக்குக் கொடுத்துவிடும். நடுவில் காற்று ஓட வேண்டும்.

ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டார். சுவர், சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தகடு. தகட்டுக்குக் கீழேயும் திறப்பு, மேலேயும் திறப்பு. கீழே குளிர்ந்த காற்று நுழையும், சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். தகட்டைத் தாங்கும் கட்டைகள் மரமாக இருக்கக் கூடாது. அடுப்புக்கு நேர் பின்னால் ஆணி வரக் கூடாது. ஆணி வழியாகவும் சூடு போகும்.

“இடைவெளி எவ்வளவு?” என்று கேட்டாள்.

காப்பு எதுவும் இல்லாமல் என்றால் மூன்றடி என்றார். சரியான காப்பு இருந்தால் ஓர் அடி வரை நெருங்கலாம். “கூரையில் புகைக்குழாய் எப்படிப் போகிறது?” என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். குழாய் கூரைச் சட்டத்தை உரசிக்கொண்டு போவது ஞாபகம் வந்தது. அதையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் வேலையைத் தொடங்க முடியவில்லை. கரிந்த பலகைகளை மாற்றாமல் எதுவும் செய்யக் கூடாது. அந்தப் பலகைகளின் மறுபக்கம் கார்த்திகேசு வீட்டில் இருந்தது. அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“பலகைய மாத்தணும்ணே. ஒங்க பக்கமிருந்தும் கழட்டணும்.”

“மாத்து. மாத்த வேண்டியது ஒன் கடமை. ஆனா அந்த அடுப்பு திரும்ப எரியக் கூடாது.”

“எரியும்ணே.”

அவர் அவளை முறைத்தார். உள்ளேயிருந்து தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அவள் இப்போது ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், அன்று விடுப்பு.

“ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?” என்றார் கார்த்திகேசு. “அந்தக் கரியப் பாத்த பெறகும் இப்படிப் பேசுற.”

“பாத்ததுனாலதான் பேசுறேன். கேளுங்க. பலகைய மாத்துறேன், அடுப்ப முன்னுக்கு இழுக்குறேன், காப்பு வெக்குறேன். எல்லாம் முடிஞ்சதும் ஒரு நாளு வாய் நெறயக் கட்டை போட்டு எரிக்குறேன், ரொட்டிக்கு எரிக்கிறதவிட ரெட்டிப்பா. நீங்க ஒங்க பக்கம் ஒக்காந்து சுவத்துல கைய வைங்க. கைய எடுக்குற மாதிரி சூடு வந்தா, ஒரு வார்த்த பேசாம அடுப்ப நானே வெட்டித் துண்டு போட்டுருவேன்.”

“யாருக்கு வேணும் ஒன் பந்தயம்?”

“அப்பா,” என்றாள் தினேஸ்வரி, “கூட்டத்துல கை தூக்குனதுனால அடுப்பு போயிருச்சா? இன்னும் அங்கதானே இருக்கு. சோதிச்சுப் பாத்துட்டாச்சும் முடிவு பண்ணுங்க.”

அவர் அந்தச் சுவரை ஒட்டி இருந்த மேசையை இழுத்துத் தள்ளிப் போட்டார். பலகை மாற்ற இடம் விட்டார் என்று இருதயமேரி புரிந்துகொண்டாள்.

வேலை ஒன்பது நாள் பிடித்தது. அடுப்பை உருளைக் குழாய்கள் மேல் ஏற்றித் தள்ளி, சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் கொண்டுவந்தாள். குசினியில் இனி ஒருவர்தான் நிற்க முடியும். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். கறுத்த பலகைகளைக் கழற்றிப் புதிது போட்டாள். தகட்டை அடுப்பைவிட இரண்டு பக்கமும் ஒரு முழம் அகலமாக வெட்டினாள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே வைக்க என்ன செய்வது என்று யோசித்தபோது, லயத்தின் பழைய மின்கம்பிகளைத் தாங்கிய வெள்ளைப் பீங்கான் குமிழ்கள் ஒரு டப்பா நிறையப் பரணில் கிடைத்தன. நடுவில் துளை, சரியாக ஓர் அங்குல உயரம். தகட்டின் ஓரங்களில் மட்டும் அவற்றை வைத்துத் திருகினாள். கீழே நான்கு விரல் திறப்பு, மேலே நான்கு விரல் திறப்பு. கூரைச் சட்டத்தை அறுத்து விலக்கி, குழாயைச் சுற்றி அகலமான இரும்பு வளையம் வைத்தாள். எங்கும் சூடான இரும்பு மரத்தில் படவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தீ மூட்டினாள். லயம் முழுவதும் வந்திருந்தது. தனேஸ்வரன் கடிதத்தின் நகலைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கட்டைகளை வாய் கொள்ளும் மட்டும் திணித்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொள்ளப் புஷ்பலதாவிடம் சொல்லிவிட்டு, இருதயமேரி அடுத்த வீட்டுக்குப் போனாள். கையில் ஒரு வாளித் தண்ணீர்.

கார்த்திகேசு நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் உள்ளங்கையை வைத்திருந்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“தண்ணி எதுக்கு?”

“இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கணும்ணே. மொதல்லயே இருந்திருக்கணும்.”

பத்து மணி ஆனது. புஷ்பலதா ஜன்னல் வழியாக, “அடுப்பு மூஞ்சி செவக்குது,” என்று குரல் கொடுத்தாள். “இன்னும் போடு,” என்றாள் இருதயமேரி. கார்த்திகேசு கையை எடுத்து, மேலே ஓர் இடத்தில் வைத்தார். பிறகு கீழே. பிறகு கன்னத்தைச் சுவரில் வைத்து முகர்ந்தார். அப்படியே பதினொன்று ஆனது. யாரோ காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். இடது கையால் வாங்கிக் குடித்தார், வலது கையை எடுக்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்த இருதயமேரியின் கண் அந்தக் குசினியைச் சுற்றி வந்தது. சாமி மாடத்தில் நின்றது. விளக்குக்கு நேர் மேலே பலகை கன்னங்கரேல் என்று இருந்தது.

“அண்ணே, அது என்னாது?”

அவர் திரும்பிப் பார்த்தார். “அது வெளக்கு மை.”

அவள் எழுந்து போய் நகத்தால் சுரண்டினாள். மை வழித்துக்கொண்டு வந்தது, அதன் அடியில் காப்பிக்கொட்டை நிறம். அவரிடம் நகத்தைக் காட்டினாள். கார்த்திகேசு அதைப் பார்த்தார், பிறகு விளக்கைப் பார்த்தார். தினேஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள்.

“ஒரு துண்டுத் தகடு மிச்சம் இருக்கு. பீங்கானும் இருக்கு. வெச்சுத் தாரேன்,” என்றாள் இருதயமேரி.

“மொதல்ல இத முடி,” என்றார் அவர். ஆனால் குரலில் பழைய கடுப்பு இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். அது காப்பிக் கோப்பை பட்ட அளவுக்குக்கூடச் சிவக்கவில்லை. பின்பக்கம் போய் வெயில் பட்ட சுவரைத் தொட்டுவிட்டு வந்தார்.

“வெயில்ல இருக்குற சுவரு இதவிடச் சுடுது,” என்றார் வாசலில் நின்றவர்களிடம். “போதும், தீய எறக்கச் சொல்லு.”

தனேஸ்வரன் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். “அதெல்லாம் சரிண்ணே. ஆனா தீர்மானம் தீர்மானந்தான். எழுதி, கையெழுத்துப் போட்டாச்சு.”

“நீங்க தீர்மானம் போட்டது எரிஞ்ச பலகைக்கு,” என்றாள் இருதயமேரி. “அந்தப் பலகை இப்ப இல்ல. வேணும்னா மறுபடி கூட்டம் போடுங்க. மறுபடியும் மாட்டேன்னுதான் சொல்வேன்.”

“சுவத்துல பாதி என்னோடது,” என்றார் கார்த்திகேசு. “என் பாதிக்கு நான் சொல்றேன். இருக்கட்டும். ஆனா ஒண்ணு. எனக்கு எப்ப தோணுனாலும் நான் உள்ள வந்து பாப்பேன். கேக்காம வருவேன்.”

இருதயமேரி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, குசினிக் கதவுச் சாவியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். தனேஸ்வரன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார். சங்கம் அந்தத் தீர்மானத்தை இன்றுவரை திரும்பப் பெறவில்லை. அவளும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. ரொட்டி இப்போது நான்கு கடைகளுக்குப் போகிறது. கார்த்திகேசு வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்து வரும் வழியில், சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போவார். தகட்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார், தூசி சேர்ந்திருந்தால் திட்டிவிட்டுப் போவார். அவள் திருப்பித் திட்ட மாட்டாள், துடைத்துவிடுவாள்.

போன மாதம் செம்பனைக் காட்டுக்குள் நில அளவைக்காரர்கள் வந்து சிவப்பு முனை போட்ட குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். மேட்டு லயத்தை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. சிலர் வாடகைக்கு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வாரம்தான் இருதயமேரி வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து எட்டுத் தகடுகளை இறக்கியது. இரண்டாவது அடுப்புக்கு. முதல் அடுப்பைவிடப் பெரிது, வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் வைக்க.

அந்தப் பக்கமாக வந்த தனேஸ்வரன் நின்று பார்த்தார். “என்ன மேரி, எடமே போகப்போவுதுன்னு எல்லாரும் பயந்துகிட்டு இருக்காங்க. நீ இன்னொண்ணு செய்யுற?”

“எடத்த எடுக்க வாரவங்க வரட்டும். அவங்ககிட்ட பேசிக்கலாம்,” என்றாள். “நாளைக்கு ரொட்டி கேட்டு நாலு கடைக்காரன் நிப்பான். அதுக்கு என்னா சொல்ல?”

அவர் போகாமல் நின்றார். அவள் அளவு நாடாவின் முனையை அவரிடம் நீட்டினாள்.

“அந்தத் தூண் ஓரம் பிடிங்கண்ணே. தூணு மரம். மூணடி விடணும்.”

அவர் குனிந்து பிடித்தார்.